பேரியல் பகுப்பாய்வு: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பொருளியல் படிக்கும் மாணவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், தக்காளியும் மாங்காயும் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட விவசாயிகள் ஆகியோர் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசை என் விருப்பப்படி.

பேரியல் பகுப்பாய்வு என்றால் என்ன? ஒரே பத்தியில் சொல்ல முடியுமா?

ஓர் ஆள், ஒரு வயல், ஒரு கடை என்று தனித்தனியாக ஆராய்வது நுண்ணியல் பகுப்பாய்வு. ஒரு வட்டாரம், ஒரு சந்தை, ஒரு நாடு, ஒரு தலைமுறை என்று முழுவதையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு ஆராய்வது பேரியல் பகுப்பாய்வு. மேக்ரோ அனாலிசிஸ் என்று வகுப்பில் சொல்வதும் இதையே. பலவற்றைக் கூட்டிப் பார்ப்பது மட்டும்தான் இது என்று நினைத்துவிடக் கூடாது. கூட்டிய பிறகு, தனித்தனியாகப் பார்த்தபோது எங்குமே இல்லாத ஒரு குணம் மொத்தத்துக்கு வந்துவிடும். அதைப் பிடிப்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

உரக்கடையிலும் மேக்ரோ என்கிறார்கள், கேமராக்காரரும் மேக்ரோ என்கிறார். எல்லாம் ஒன்றா?

இல்லை. உரக்கடையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவற்றைப் பேரூட்டம் என்பது பயிருக்கு அவை அதிக அளவில் தேவைப்படுவதால். கேமராவின் மேக்ரோ லென்ஸ் எறும்பைப் பெரிதாகக் காட்டும். நம் வேலைக்கு நேர் எதிர். எக்செல்லில் உள்ள மேக்ரோ, திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானே செய்யும் கட்டளைத் தொகுப்பு. இவற்றைத் தேர்வுத்தாளில் கலந்து எழுதாமல் இருந்தால் போதும்.

இதை யார் தொடங்கினார்கள்?

பொருளியலில் நுண்ணியல், பேரியல் என்ற பிரிவைத் தெளிவாக வகுத்தவர் நார்வே நாட்டின் ராக்னர் ஃபிரிஷ். 1933-இல் எழுதிய கட்டுரையில் அதைச் செய்தார். 1969-இல் பொருளியலுக்கான முதல் நோபல் பரிசை யான் டின்பெர்கனுடன் பகிர்ந்துகொண்டவரும் அவரே. ஆனால் அந்தப் பார்வைக்கு உயிர் கொடுத்தது 1929-இல் தொடங்கிய பெருமந்தம். வேலை தேடி அலைகிறவர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், ஆலைகளும் பூட்டியே கிடக்கின்றன. ஒவ்வொரு முதலாளியும் தன்னளவில் சரியான முடிவைத்தான் எடுத்தார். நாடு மட்டும் படுத்துவிட்டது. இதை எப்படி விளக்குவது என்ற கேள்விக்கு ஜான் மேனார்ட் கெயின்ஸ் 1936-இல் பதில் எழுதினார்.

பெயர் வருவதற்கு முன்பே நம் நாட்டில் இந்த வேலை நடந்திருக்கிறது. 1867-68-ஆம் ஆண்டில் இந்தியரின் தலைக்கு வருமானம் ஆண்டுக்கு 20 ரூபாய் என்று கணக்கிட்டார் தாதாபாய் நௌரோஜி. சிறைக்கைதியின் சோற்றுச் செலவோடு அதை ஒப்பிட்டு வாதாடினார். பிறகு பி. சி. மகாலனோபிஸ் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு அவர் முயற்சியால் வந்தது. நாடு முழுவதையும் எண்ணாமல், சரியாகத் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் வீடுகளைக் கேட்டே நாட்டைப் பற்றிப் பேசலாம் என்பது அவர் காட்டிய வழி.

ஒரு வீட்டில் தெரியாதது ஒரு மாவட்டத்தில் எப்படித் தெரியும்?

நம் மாவட்டத்தின் கசப்பான உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஆண்கள். இதிலிருந்து என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது, இயற்கையாகவே அப்படிப் பிறக்கலாம். ஒரு குக்கிராமத்தில் ஒரு வருடத்தில் 20 குழந்தைகள் பிறந்து அவற்றில் 13 ஆண் என்றாலும் யாரையும் சந்தேகிக்க முடியாது. சிறிய எண்ணிக்கையில் இப்படிப்பட்ட ஏற்ற இறக்கம் சகஜம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயது வரை உள்ள ஆண் குழந்தைகள் 87,777 பேர். பெண் குழந்தைகள் 80,163 பேர். அதாவது ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 913 பெண் குழந்தைகள். தமிழகம் முழுவதற்கும் இந்த எண் 943. இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஆயிரத்துக்கு 950 என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் இங்கே சுமார் 83,400 பெண் குழந்தைகள் இருந்திருக்க வேண்டும். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் குறைகிறார்கள். இத்தனை பெரிய எண்ணிக்கையில் தற்செயல் என்ற சாக்கு எடுபடாது.

எந்த வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தாலும் இந்த மூவாயிரம் கண்ணில் படாது. கணக்குக்குள் மட்டுமே அது தெரிகிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட எண்கள் இருக்கின்றன.

இங்கேயே அதன் வரம்பையும் சொல்லிவிட வேண்டும். குறைகிறார்கள் என்று சொல்லும் இந்த எண், ஏன் குறைகிறார்கள் என்று சொல்லாது. ஸ்கேன் பார்த்துக் கருவிலேயே கலைத்தார்களா, பிறந்த பிறகு நேர்ந்ததா, காய்ச்சல் வந்தபோது பெண் குழந்தையை மட்டும் மருத்துவமனைக்குத் தாமதமாகத் தூக்கிப் போனார்களா என்பதெல்லாம் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டிலும் தாய்மார்களின் வாயிலும்தான் இருக்கிறது. அது நுண்ணியல் வேலை. மேலே இருந்து பார்ப்பவர் கீழே இறங்காமல் காரணம் சொல்லத் தொடங்கினால், அவர் பேச்சில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

போன தடவை தக்காளிக்கு நல்ல விலை இருந்தது. இந்தத் தடவை நடவு செய்தால் அடிவாங்குகிறேன். இதற்கும் பேரியலுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. பாலக்கோடு, ராயக்கோட்டை சந்தைகளில் பெட்டிக்கு விலை ஏறும்போது நீங்கள் மட்டும் கூடுதலாக அரை ஏக்கர் நட்டால் லாபம் நிச்சயம். உங்கள் அரை ஏக்கர் விலையை அசைக்காது. உங்கள் கணக்கில் தவறே இல்லை. ஆனால் அதே விலையைப் பார்த்து அதே கணக்கைப் பக்கத்துத் தோட்டக்காரரும், அடுத்த ஊர்க்காரரும், கோலார்க்காரரும் போடுகிறார்கள். நாற்று நட்டு இரண்டு மாதத்தில் எல்லாருக்கும் ஒன்றாகக் காய் வருகிறது. பறிகூலிக்குக் கூடக் கட்டாத விலை. அதைப் பார்த்து எல்லாரும் ஒன்றாகப் பின்வாங்குகிறார்கள். மறுபடி விலை ஏறுகிறது.

2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது நினைவிருக்கலாம். செப்டம்பருக்குள் விலை சரிந்துவிட்டது. 1920-களில் ஜெர்மனியில் ஆர்தர் ஹனாவ் பன்றி விலையில் இதே சுழற்சியைக் கண்டார். 1934-இல் நிக்கோலஸ் கால்டோர் இதற்குச் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயர் வைத்தார். விலையையும் அளவையும் கோடு இழுத்துக் காட்டினால் படம் வலையைப் போல வரும் என்பதால்.

ஒருவருக்கு உண்மையானது எல்லாருக்கும் உண்மையாகிவிடாது. தர்க்கத்தில் இதைத் தொகுப்புப் பிழை என்பார்கள். கெயின்ஸ் சொன்ன சிக்கன முரணும் இதே வகைதான். ஒரு குடும்பம் செலவைக் குறைத்தால் சேமிப்பு கூடும். நாடே ஒரே நேரத்தில் குறைத்தால் விற்பனை விழுந்து, வேலை போய், சேமிக்கவே வருமானம் இல்லாமல் போகும்.

சரி, விவசாயி என்ன செய்வது? விவசாயி சரியாக யோசிக்கவில்லை என்று மேடையில் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர் கையில் இருக்கும் தகவல் நேற்றைய விலை மட்டும். தேவைப்படும் தகவல், இந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் எத்தனை ஏக்கர் நடவாகிறது என்பது. சந்தை விலையை விட, நாற்றுப் பண்ணையில் எத்தனை தட்டு நாற்று போயிருக்கிறது என்று விசாரிப்பது இந்த விஷயத்தில் நல்ல பேரியல் ஆராய்ச்சி.

மாவட்டச் சராசரி என் ஊருக்குப் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூரும் இருக்கிறது, அஞ்செட்டியும் இருக்கிறது. ஒரு பக்கம் வாகனத் தொழிற்சாலைகளும் பெங்களூருக்குப் போகும் ரோஜாவும். இன்னொரு பக்கம் யானை இறங்கும் மலைக் கிராமங்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற வருமானம் ஓசூர்க்காரருக்கும் இல்லை, அஞ்செட்டிக்காரருக்கும் இல்லை. அந்தச் சராசரியை வைத்து அஞ்செட்டிக்குத் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

குடிநீர் இதைவிடக் கூர்மையான உதாரணம். இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய நீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை, பிறகு மூட்டும் முதுகும் இறுகிவிடும். ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவருவது என்ற முடிவு பேரியல் முடிவு. ஆயிரக்கணக்கான குடியிருப்புகளின் சோதனை முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து எடுக்க வேண்டியது. ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 1,900 கோடி ரூபாயில் அமைந்த அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கலாமா என்ற கேள்விக்கு மாவட்டச் சராசரி பதில் சொல்லாது. நூறு அடி தள்ளியிருக்கும் அடுத்த கிணற்றிலேயே அளவு மாறும். பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுப்பதுதான் வழி.

தமிழ்நாட்டின் 2022 நிலத்தடி நீர் மதிப்பீட்டில் மாவட்டத்தையோ வட்டத்தையோ எடுக்காமல், வட்டத்தின் உட்பிரிவான குறுவட்டத்தை (பிர்கா) அலகாக எடுத்ததும் இதனால்தான். ஒரே வட்டத்துக்குள் ஒரு குறுவட்டம் வற்றிக் கிடக்கும், அடுத்தது தாக்குப்பிடிக்கும்.

தருமபுரி எழுத்தறிவில் கடைசி என்கிறார்கள். அப்படியானால் இந்த ஊர்ப் பிள்ளைகள்...

வாக்கியத்தை முடிக்க வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, கிருஷ்ணகிரி 71.46, தமிழகம் 80.09. மாநிலத்தில் தருமபுரிதான் கடைசி. இது மாவட்டத்தைப் பற்றிய உண்மை. எதிரில் நிற்கும் மாணவரைப் பற்றி இதில் ஒன்றுமே இல்லை. அந்த எண்ணில் பெரும் பங்கு, பள்ளிக்கூடமே எட்டாத காலத்தில் வளர்ந்த வயதானவர்களுடையது.

கூட்டத்தின் குணத்தைத் தனி ஆள்மேல் ஏற்றும் இந்தத் தவறுக்குச் சூழலியல் பிழை என்று பெயர். மரம் செடி கொடிகளோடு தொடர்பு இல்லை. 1950-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் இதை அழகாகக் காட்டினார். அமெரிக்காவின் 1930 கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர்கள் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறிவு அதிகமாக இருந்தது. உடனே, குடியேறியவர்கள் நன்றாகப் படித்தவர்கள் என்று சொல்லத் தோன்றும். ஆள் ஆளாகப் பார்த்தால் தலைகீழ்: குடியேறியவர்களிடையேதான் எழுத்தறியாதோர் விகிதம் அதிகம். உள்ளூர்க்காரர்கள் நன்றாகப் படித்திருந்த மாநிலங்களுக்கு அவர்கள் பிழைக்கப் போனார்கள், அவ்வளவுதான்.

வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் ஊர்ப் பெயரைப் பார்த்து முகம் சுளிக்கும்போது செய்வதும் இதே பிழைதான். அவர்கள் அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முழுமை என்கிறீர்கள். அதன் எல்லையை யார் போடுவது?

நல்ல கேள்வி. ஆய்வேடு எழுதுகிறவர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை. மாவட்டம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

மாவட்ட எல்லை நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு. 1965 அக்டோபர் 2 வரை தருமபுரி சேலத்துக்குள் இருந்தது. 2004 பிப்ரவரி 9-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அன்று காலை யாருடைய வருமானமும் மாறவில்லை, எந்தக் கிணறும் ஊறவில்லை. ஆனாலும் ஓசூர் தொழிற்சாலைகள் கணக்கிலிருந்து விலகியதால் தருமபுரியின் தொழில்துறை எண்கள் வேறு முகம் காட்டத் தொடங்கின. 1991-இன் தருமபுரியையும் 2011-இன் தருமபுரியையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒப்பிட வேண்டுமானால் 2011-க்கு இரண்டு மாவட்டங்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், அல்லது வட்ட அளவுக்கு இறங்குங்கள்.

மாங்காய்க்கு வருவோம். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்குப் போவது பெரும்பாலும் தோத்தாபுரி. நம் பக்கத்தில் அதற்குப் பெங்களூரா என்று பெயர். அதன் விலை ஏன் விழுந்தது என்று கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் மட்டும் தேடினால் விடை கிடைக்காது. அதே காய் ஆந்திரத்தின் சித்தூரிலும், கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்திலும் அதே வாரங்களில் இறங்குகிறது. கூழ் வாங்குபவர்களோ கடல் கடந்தும் இருக்கிறார்கள். போன வருடக் கூழ் குளிர்கிடங்கில் மிச்சமிருந்தால் இந்த வருடம் ஆலை குறைவாகவே வாங்கும். 2025 ஜூனில் விலை சரிந்தபோது சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வருவதைத் தடுத்தது. கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். சந்தை ஒன்றாக இருக்கிறது, கோடு மூன்றாக இருக்கிறது. பெங்களூரா விலையை ஆராய்பவருக்கு முழுமை என்பது இந்த மூன்று மாநிலத் துண்டுகளும் சேர்ந்தது. எல்லையைக் கேள்விதான் போட வேண்டும்.

விலைவாசி ஐந்து சதவீதம்தான் ஏறியது என்று செய்தி வருகிறது. என் வீட்டில் அதைவிட அதிகம். யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் இல்லை. நுகர்வோர் விலைக் குறியீடு ஒரு கற்பனைக் குடும்பத்தின் மளிகைச் சீட்டு. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் உணவு, பானங்களுக்குக் கிராமத்தில் 54.18 விழுக்காடு எடை, நகரத்தில் 36.29. அரூரில் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தின் செலவில் உணவு இதைவிடவும் பெரிய பங்கு. அரிசியும் பருப்பும் ஏறி செல்பேசிக் கட்டணம் இறங்கினால் குறியீடு அமைதியாக இருக்கும்; அந்த வீடு இருக்காது. வட்டி விகிதத்தை முடிவுசெய்ய ரிசர்வ் வங்கிக்கு அந்தக் குறியீடு வேண்டும். உங்கள் வீட்டுக்கு உங்கள் சீட்டு போதும்.

பெருந்தரவு, மெட்டா அனாலிசிஸ் இவையும் இதுதானா?

இல்லை. பெருந்தரவு என்பது தரவின் அளவைக் குறிக்கிறது. கோடிக்கணக்கான பதிவுகளை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வாடிக்கையாளர் நாளை என்ன வாங்குவார் என்று கணிக்கலாம். அது நுண்ணியல் கேள்வி. மெட்டா அனாலிசிஸ் என்பது ஒரே கேள்விக்கு ஏற்கெனவே நடந்த பல ஆய்வுகளின் முடிவுகளைக் கணித முறையில் இணைப்பது. 1904-இலேயே கார்ல் பியர்சன் டைபாய்டு தடுப்பூசி முடிவுகளை அப்படிச் சேர்த்துப் பார்த்தார். பெயர் 1976-இல் ஜீன் கிளாஸ் கொடுத்தது.

நடுவில் ஒன்றும் இல்லையா? ஆள் அல்லது நாடு, அவ்வளவுதானா?

இடைநிலை உண்டு. சமூகவியலில் அதை மீசோ என்பார்கள். மகளிர் சுயஉதவிக் குழு, பால் கூட்டுறவுச் சங்கம், போச்சம்பள்ளி வாரச் சந்தை எல்லாம் அந்த நிலையில் வருபவை. நம் மாவட்டங்களைப் பற்றிய சுவாரசியமான ஆய்வுகள் இந்த நடுப்பகுதியில்தான் காத்திருக்கின்றன என்பது என் கட்சி.

கல்லூரி ஆய்வேட்டுக்கு எங்கிருந்து தொடங்குவது?

முதலில் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அது ஆளைப் பற்றியதா, கூட்டத்தைப் பற்றியதா என்று பாருங்கள். பிறகுதான் தரவு. பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் மாவட்டப் புள்ளியியல் கையேட்டில் வட்டம், ஒன்றியம் வாரியாக எண்கள் இருக்கும். பயிர்ப் பரப்புக்கு அதே துறையின் பருவமும் பயிரும் அறிக்கை. தினசரிச் சந்தை விலைக்கு அக்மார்க்நெட் இணையதளம். தேசிய மாதிரி ஆய்வு எண்களை எடுப்பதானால் எச்சரிக்கை தேவை: மாநில அளவுக்கென வடிவமைத்த மாதிரியை வெட்டி ஒரு மாவட்டத்துக்குப் பேச வைத்தால், சில பத்து வீடுகளை வைத்துக்கொண்டு பதினைந்து லட்சம் பேரைப் பற்றிச் சொல்வதாகிவிடும்.

மக்கள்தொகை எண்கள் எல்லாவற்றுக்கும் இன்னும் 2011-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ மையத் தேதியாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. ஆகவே 2011 எண்ணை எழுதும்போதெல்லாம் பக்கத்திலேயே ஆண்டையும் எழுதிவிடுங்கள். நேர்முகத் தேர்வில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.